அளந்த கணக்கை ஊருக்குக் காட்டுக!

களுவாஞ்சிக்குடியில் கிணறு தோண்டுவது பெரும்பாடன்று. கிழக்கே கடல், மேற்கே வாவி, இடையே ஒடுங்கிய மணல்நிலம். அம்மணலைச் சில முழம் அகழ்ந்தாலே நீர் சுரக்கும். எளிதிற் கிடைக்கும் அந்நீர் எளிதிற் கெடவும் கூடியது என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. களிமண் தடுக்காத, பாறை மறிக்காத நிலத்திலே, மேலே கொட்டிய எண்ணெயும் காரமும் மாரிமழையோடு இறங்கிக் கீழுள்ள நீரைச் சேரும். அந்நீருக்கு வேலியில்லை, உறுதியில்லை, எல்லைக்கல்லும் இல்லை. ஒருவன் வளவில் ஊற்றியது அயலவன் வாளியில் ஏறும். குழாய்நீர் வந்த வீடுகளிலும் கிணற்றைத் தூர்த்துவிடவில்லை. குளிக்கவும், தோட்டத்திற்கு இறைக்கவும், குழாய் வற்றும் நாளிற் குடிக்கவும் அந்தக் கிணறே கதி.

இந்நீரைப் பரிசோதிக்க நாட்டில் ஆளில்லை என்று எவரும் சொல்ல முடியாது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்கு ஆய்வுகூடங்கள் உண்டு. மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கு உத்தியோகத்தர் உண்டு. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் உண்டு. பல்கலைக்கழகங்களிலே இரசாயனம் கற்ற அறிஞர் உண்டு. போத்தலோடு வருகிறார்கள், கிணற்றிலும் வாவியிலும் நீர் மொள்ளுகிறார்கள், முத்திரையிட்டு எடுத்துச் செல்கிறார்கள். அதன் பின் நடப்பது யாது? மட்டக்களப்பு வாவியில் மீன்கள் செத்து மிதந்த செய்தி ஒருமுறையா, இருமுறையா வந்தது? முகத்துவாரம் அடைபட்டதாற் பிராணவாயு குறைந்தது என்பார் ஒருவர். கழிவு கலந்தது என்பார் இன்னொருவர். எடுத்துச் சென்ற மாதிரியின் முடிவு எந்தத் தோணித்துறையில், எந்தச் சந்தைச் சுவரில் ஒட்டப்பட்டது? குருமண்வெளித் துறையில் மண்டூருக்குப் படகேறக் காத்து நிற்பவர் எவரேனும் அத்தகைய தாளொன்றைக் கண்டதுண்டா?

நமது குறை அளவாமை அன்று. அளந்ததைக் காட்டாமை. பொதுப் பணத்திலே, பொதுமக்கள் பெயரால், பொதுமக்களின் கிணற்றில் அளந்தெடுத்த கணக்கு, கோப்பிலே கட்டப்பட்டு அலுமாரியிலே உறங்குகிறது. ஆலைக்காரருக்கு அது தெரியும், அதிகாரிக்குத் தெரியும், அந்நீரைப் பருகுபவனுக்கு மட்டும் தெரியாது. இந்த அநீதியைச் சட்டத்தால் ஒழிக்க வேண்டும் என்பதே நமது வாதம்.

இதற்குச் சுன்னாகத்தைவிடத் தெளிந்த சான்று வேறில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லின் இடுக்குகளிலே தங்கும் மழைநீரே அங்குள்ளாரின் குடிநீர், தோட்டத்து நீர், எல்லாம். அந்தச் சுண்ணக்கல்லின் மேலே, சுன்னாகத்தில், இலங்கை மின்சார சபையின் பழைய மின்நிலையம் நெடுங்காலம் இயங்கியது. பின்னர் நொதேர்ண் பவர் கம்பனி என்னும் தனியார் நிறுவனத்தின் அனல்மின் நிலையமும் அங்கே எழுந்தது. எண்ணெய் எரித்து மின்சாரம் ஆக்கினார்கள். சில ஆண்டுகளிலே அயலிலுள்ள கிணறுகளில் எண்ணெய் மணத்தது. வாளியிலே படலம் மிதந்தது. 2013ஆம், 2014ஆம் ஆண்டுகளில் நீர் வழங்கல் சபையினர் சுற்றுப்புறத்திலே 150 கிணறுகளைப் பரிசோதித்தனர். ஏறக்குறைய முக்காற்பங்கு கிணறுகளில் எண்ணெயும் கிறீசும் ஏற்கத்தக்க அளவிற்கு மேற்பட்டிருக்கக் கண்டனர்.

வாசகர் இவ்விடத்திற் சற்றே நின்று சிந்திக்க வேண்டும். கிணற்றில் எண்ணெய் மணத்த பின்பே அக்கிணறு அளக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டுகளில் அந்த நிலையம் எத்தனை பீப்பாய் எண்ணெய் வாங்கிற்று, எவ்வளவு கழிவெண்ணெய் மிஞ்சிற்று, அக்கழிவு எங்கே போயிற்று என்ற கணக்கு ஊரார் பார்க்கக்கூடிய எந்தப் பதிவேட்டிலும் இருக்கவில்லை. அதன் பயன் என்னவாயிற்று? கிணறு கெட்ட பின்னர், கெடுத்தவர் யார் என்ற விவாதம் மூண்டது. பழைய நிலையத்தின் எண்ணெயா, புதிய நிலையத்தின் எண்ணெயா? மாகாண சபை ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. அக்குழு சொன்னதும் நீர் வழங்கல் சபை சொன்னதும் ஒத்துப்போகவில்லை. தாய்மார் பிள்ளைக்குப் பால் கரைக்க அந்த நீரை எடுக்கலாமா கூடாதா என்று கேட்டு நின்றனர். கற்றோர் இரு பிரிவாய் நின்று வாதிட்டனர். பவுசர் வண்டியில் நீர் வந்தது. ஆண்டுக்கணக்கு முன்பே பகிரங்கமாய் இருந்திருந்தால், இந்தத் தர்க்கத்திற் பாதிக்கு இடமே இருந்திராது.

2015ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் மல்லாகம் நீதவான் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அதே ஆண்டில் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவொன்றும் தாக்கலாயிற்று. மனுதாரர் யாழ்ப்பாணத்தவர் அல்லர், தமிழரும் அல்லர். சுற்றாடல் ஆர்வலரான இரவீந்திர குணவர்தன காரியவசம் என்பவரே தமிழ் மக்களின் கிணறுகளுக்காக அம்மனுவைக் கொண்டு சென்றார். இதை நன்றியோடு குறித்து வைக்கிறோம். வடக்கிலும் கிழக்கிலும் சட்டம் கற்றோர் இத்தனை பேர் இருந்தும் அந்த மனு வேறொரு கையால் எழுதப்பட நேர்ந்ததே என்ற எண்ணமும் கூடவே எழுகிறது.

2019 ஏப்ரல் 4ஆம் திகதி தீர்ப்பு வந்தது. அந்நிறுவனத்தின் நிலையம் நிலத்தடி நீரை மாசுபடுத்தியது என்றும், கண்காணிக்க வேண்டிய அரச நிறுவனங்கள் தம் கடமையிற் தவறின என்றும் நீதிமன்றம் கண்டது. மாசுபடுத்தியவனே அதன் செலவைச் சுமக்க வேண்டும் என்ற கோட்பாட்டை நிலைநாட்டி, இரண்டு கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு நிறுவனத்துக்குக் கட்டளையிட்டது. சட்டநூல்களிலே நெடுங்காலம் எடுத்தாளப்படப் போகும் தீர்ப்பு அது. ஆனால் கமக்காரரின் கணக்கிலே அதைப் பாருங்கள். ஐந்நூறு பேர் வரையில் பங்கிடும் தொகை. ஒருவருக்கு மிகக்கூடியது 40,000 ரூபா. ஒரு புதுக் கிணறு வெட்டிக் கட்டுவதற்கே அது காணுமா? அப்படிக் கட்டினாலும், அதே சுண்ணக்கல்லில், அதே நீரிலன்றோ கட்ட வேண்டும்? நீதிமன்றத்தை நாம் குறைகூறவில்லை. நடந்து முடிந்த கேட்டுக்கு விலை மதிப்பதைத் தவிர அதனால் வேறென்ன செய்ய இயலும்? கேடு நடவாமற் காக்கும் பணி வேறோர் இடத்துக்குரியது. அவ்விடத்திலே திரை தொங்குகிறது.

கணக்கை மறைத்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஜப்பானிலே மினமாட்டா சான்று. அங்கும் கடலோர மக்கள். அங்கும் மீனே உணவு. சிசோ என்னும் இரசாயன நிறுவனம் பாதரசங் கலந்த கழிவைக் குடாவில் விட்டது. மீன் அதை உண்டது. மீனைப் பூனையும் மனிதரும் உண்டனர். பூனைகள் வெறிபிடித்து ஆடிச் செத்தன. பிள்ளைகள் கை கால் விளங்காமற் பிறந்தன. 1956ஆம் ஆண்டு மே மாதத்தில் நோய் அதிகாரபூர்வமாக அறியப்பட்டது. 1959இல் அந்நிறுவனத்தின் சொந்த மருத்துவரே ஆலைக் கழிவை உணவிற் கலந்து பூனையொன்றுக்கு ஊட்டிப் பார்த்து, நோயின் வேர் இதுவே என்று கண்டுகொண்டார். அந்த முடிவை நிறுவனம் வெளியிடவில்லை. ஜப்பானிய அரசாங்கம் காரணத்தை ஒப்புக்கொண்டது 1968இல். ஒன்பது ஆண்டுகள்! அந்த ஒன்பது ஆண்டும் மக்கள் மீன் தின்றார்கள். பாதரசம் செய்த கொடுமையிலும், பூட்டி வைத்த அந்த ஒரு தாள் செய்த கொடுமை சிறிதென்று எவர் சொல்வார்?

இனி, திரையை விலக்கியவர்கள் என்ன கண்டார்கள் என்பதையும் பார்ப்போம். 1984ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் திகதி நள்ளிரவிலே போபால் நகரில் யூனியன் கார்பைட் ஆலையிலிருந்து நச்சுவாயு கசிந்தது. ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். வைத்தியசாலைகளில் மருத்துவர்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் வந்தோரைக் கண்டு, எந்த நஞ்சுக்கு எந்த மாற்று மருந்து கொடுப்பதென்று அறியாமல் தடுமாறினர். ஆலைக்குள்ளே இருந்தது என்னவென்று நகரத்துக்கு எவரும் சொல்லி வைக்கவில்லை. மறு ஆண்டில் அதே நிறுவனத்தின் அமெரிக்க ஆலையொன்றிலும் கசிவு நேர்ந்தது. அதன் பின்னரே அமெரிக்கர் விழித்தனர். 1986இல் ஒரு சட்டம் இயற்றினர். ஆலை ஒவ்வொன்றும், பட்டியலிற் கண்ட நச்சுப்பொருள் ஒவ்வொன்றிலும், காற்றில் எவ்வளவு, நீரில் எவ்வளவு, நிலத்தில் எவ்வளவு விட்டது என்று ஆண்டுதோறும் அறிவித்தாக வேண்டும். அரசாங்கம் அதை எவரும் பார்க்கும்படி வெளியிட்டாக வேண்டும்.

அச்சட்டம் எந்த ஆலையையும் மூடவில்லை. அந்த அறிக்கையின் பொருட்டு, இவ்வளவுக்கு மேல் விடாதே என்று ஓர் இறாத்தலைக்கூடக் குறைக்கச் சொல்லவில்லை. சொல் என்றது, அவ்வளவே. 1987ஆம் ஆண்டுக் கணக்கு 1989இல் வெளிவந்தது. ஆனால் வெளிவரு முன்பே, 1988இல், மொன்சாந்தோ என்னும் பெருநிறுவனத்தின் தலைவர், தம் ஆலைகள் காற்றில் விடும் நச்சை 1992க்குள் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு குறைப்பதாக வாக்களித்தார். நீதிமன்றம் அழைக்கவில்லை, அபராதம் விதிக்கவில்லை. தமது எண் அயலார் கண்ணிற் படப்போகிறது என்ற ஒரே நினைவு அவ்வேலையைச் செய்தது. வழக்காடிப் பிழைக்கும் எம்போன்றோருக்கு இது சற்று வருத்தமான செய்திதான்.

செல்வம் மிக்க நாட்டுக்கே இது இயலும் என்று சொல்வோர் இந்தோனேசியாவைப் பார்க்கட்டும். 1995இல் அந்நாட்டரசு ஆலைகளை நிறங்களால் தரம் பிரித்து அறிவிக்கத் தொடங்கியது. பொன், பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என ஐந்து நிறம். இரசாயனப் பெயர் ஒன்றும் அறியாத மீனவனும் கறுப்பென்றால் என்னவென்று அறிவான்.

இனி நமது சட்டத்துக்கு வருவோம். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டமே நமக்கு அடிப்படை. 1988ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அதிலே அனுமதிப்பத்திர முறை புகுத்தப்பட்டது. விதித்துரைக்கப்பட்ட கைத்தொழில் எதுவும் சுற்றாடற் பாதுகாப்பு அனுமதிப்பத்திரமின்றிச் சூழலிலே கழிவை விடலாகாது. அப்பத்திரத்திற் கண்ட நிபந்தனைகளை மீறலாகாது. நல்ல சட்டம். பெரிய ஆலைகளுக்கு அதிகாரசபை பத்திரம் வழங்கும். சிறுதொழில்களுக்கு உள்ளூராட்சி மன்றமே அதன் சார்பில் வழங்கும். பெருந்திட்டம் ஒன்று தொடங்கு முன்னர் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, முப்பது நாள் கருத்துக் கேட்கவும் அதே சட்டம் வழி செய்கிறது.

ஆகவே திட்டம் தொடங்கு முன் மக்களுக்கு முப்பது நாள் உண்டு. தொடங்கிய பின்? பத்தாண்டு, இருபதாண்டு, ஆலை இயங்குங் காலமெல்லாம், அது தன் நிபந்தனையைக் காத்ததா என்று ஊருக்கு அறிவிக்கும் கடமை எவர் தலையிலும் சுமத்தப்படவில்லை. வெளியிட்ட நச்சின் ஆண்டுக் கணக்கைப் பகிரங்கப் பதிவேடாக வைக்கும் விதி நம் நாட்டில் இல்லை. முப்பது நாள் வைக்கும் அறிக்கையும் பெரும்பாலும் ஆங்கிலத்தில், நூற்றுக்கணக்கான பக்கத்தில், கச்சேரியிலோ கொழும்பிலோ இருக்கும். அறிவித்தல் தமிழ்ப் பத்திரிகையில் வரும். அறிக்கை தமிழில் வராது. படுவான்கரையிலிருந்து பஸ் ஏறி வந்து அதைப் புரட்டிப் பார்க்கும் கமக்காரன் என்ன அறிவான்? தமிழ் இந்நாட்டின் அரசகரும மொழி. வடக்குக் கிழக்கின் நிருவாக மொழி. குடிநீரைப் பற்றிய அறிக்கையிலே அந்த உரிமை செல்லாதென்றால், வேறெங்கே செல்லும்?

இன்னொரு முள்ளும் உண்டு. சட்டம் பயின்றோர் அன்றி மற்றையோர் இதை அறிவது அரிது. அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி அடிப்படை உரிமை மனுவை, மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். பொலிசார் ஒருவனைப் பிடித்து அடித்தால் நாள் தெரியும். மணலிற் சொட்டுச் சொட்டாய் இறங்கும் எண்ணெய்க்கு எந்த நாள்? மீறல் தொடர்கிறது என்றும், அறிந்த நாளிலிருந்தே காலம் ஓடும் என்றும் நீதியரசர்கள் இரங்கிப் பொருள் கொண்டதுண்டு. ஆயினும் அறிவதற்கு வழியே இல்லாதவனுக்கு அந்த இரக்கத்தால் என்ன பயன்? கண்ணைக் கட்டிவிட்டு, கண்ட நாளிலிருந்து முப்பது நாள் என்கிறது சட்டம்!

பகிரங்கப்படுத்துக என்றதும் எதிர்க்குரல்கள் எழும். தொழில் இரகசியம் என்பர் முதலாளிமார். ஒரு பொருளை எப்படிச் செய்கிறாய் என்று நாம் கேட்கவில்லை. செய்து முடித்தபின் எங்கள் நீரில் எதை ஊற்றினாய் என்றே கேட்கிறோம். வாய்க்காலில் விட்ட பின் அது எப்படி இரகசியமாகும்? 2016ஆம் ஆண்டுத் தகவலுக்கான உரிமைச் சட்டமும் வர்த்தக இரகசியத்துக்குக் காப்பு அளித்தபோதிலும், பொதுநலன் மேலோங்குமிடத்துத் தகவலை மறுக்கலாகாது என்றே விதிக்கிறது.

மக்கள் பீதியடைவர் என்பர் அதிகாரிகள். உண்மையிலே பீதி எங்கே பிறக்கிறது? 2013 ஆகஸ்ட் 1ஆம் திகதி கம்பகா மாவட்டத்தில், வெலிவேரியவில், குடிக்க நல்ல நீர் வேண்டுமென்று கேட்டு ரத்துபஸ்வல மக்கள் வீதிக்கு வந்தனர். தொழிற்சாலையின் கழிவு தம் கிணறுகளைக் கெடுத்ததென்றனர் அவர்கள், நிறுவனம் மறுத்தது. இராணுவம் சுட்டது, மூவர் இறந்தனர். சிங்களக் கிராமம்; சிங்களப் பிள்ளைகள். ஊர் நம்பக்கூடிய ஒரு கணக்கு, மாதந்தோறும் சந்தியிலே ஒட்டப்பட்டிருந்தால், அம்மக்கள் வீதியில் நிற்க நேர்ந்திருக்குமா? வதந்திக்கு உணவிடுவது மௌனமே.

கைத்தொழில் ஓடிவிடும் என்பது மூன்றாவது குரல். இதனை நாம் இலேசாகத் தள்ளுவதற்கில்லை. வேலையற்ற இளைஞர் நிறைந்த மாவட்டம் நமது. 1950களில் வாழைச்சேனையில் எழுந்த காகித ஆலை நம் வயல் வைக்கோலைக் காரநீரில் அவித்துக் காகிதம் ஆக்கியது. எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறிட்டது. அது படுத்தபோது அக்குடும்பங்கள் பட்ட பாட்டை நாம் கண்டோம். வைக்கோல் அவித்த அந்தக் கரிய நீர் அயலிலுள்ள வாவியை அடைந்ததும் மறக்கக்கூடியதன்று. இரண்டும் ஒரே ஆலையின் வரலாறு. அதை மீளவும் முழுமூச்சாய் இயக்குவது பற்றிய பேச்சு அவ்வப்போது எழும்போதெல்லாம், எத்தனை பேருக்கு வேலை என்று கேட்கிறோம். அவித்த நீர் எங்கே போகும் என்று எத்தனை பேர் கேட்கிறோம்? ஆலை வேண்டும். கணக்கும் வேண்டும். கணக்குக் காட்ட அஞ்சி ஓடும் ஆலை, ஓடாமல் நின்றால் நமக்கு என்ன விட்டுச்செல்லும் என்பதைச் சுன்னாகத்தார் சொல்வார்கள்.

விட்டுச்சென்ற பின் வழக்காடிப் பணம் பெறலாமென்று எண்ணுவோர் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலை நினைக்கட்டும். 2021 மே மாதத்தில் கொழும்புக்கு அப்பாலே அது எரிந்தது. இரசாயனமும் பிளாஸ்திக் குருணையும் மேற்குக் கரையெங்கும் ஒதுங்கின. 2025 யூலை 24ஆம் திகதி உயர் நீதிமன்றம் நூறு கோடி அமெரிக்க டொலர் செலுத்துமாறு கட்டளையிட்டது. இந்நாட்டு நீதிமன்றம் இட்ட மிகப் பெரிய தொகைகளுள் அதுவும் ஒன்று. கப்பல் நிறுவனத்தின் தலைவரோ, செலுத்தப் போவதில்லை என்று அதே ஆண்டு செப்டெம்பரிற் பகிரங்கமாகவே சொன்னார். தீர்ப்பு வேறு, தீர்ப்பின்படி காசு கைக்கு வருவது வேறு. கட்சிக்காரருக்கு நாம் நாள்தோறும் சொல்லும் பாடந்தான் இது.

களுவாஞ்சிக்குடியில் அத்தகைய பெரிய இரசாயன ஆலை எங்கே இருக்கிறது என்று கேட்கும் வாசகர் இருப்பர். பெரிய ஆலை இல்லைதான். நெல் அவிக்கும் அரிசி ஆலைகள் உண்டு. ஊறவைத்த நீரும் அவித்த நீரும் எங்கோ போகத்தான் வேண்டும். வாகனங் கழுவி எண்ணெய் மாற்றும் நிலையங்கள் உண்டு; மாற்றிய எண்ணெய் எங்கோ போகத்தான் வேண்டும். ஐஸ் ஆலைகள் உண்டு. அவற்றுட் பலவற்றில் குளிரூட்டுவது அமோனியா வாயு. இவை ஒவ்வொன்றும் சிறிது. ஆனால் நமது மணலும் மெல்லியது. நமது வாவியோ பாலமீன்மட்டிலும் கல்லாற்றிலும் கடலோடு வாய் திறந்தால் மூச்சு விடும், வாய் அடைத்தால் உள்ளே விழுந்ததை உள்ளேயே வைத்துக்கொள்ளும். நாமும் இதிற் குற்றமற்றவர் அல்லோம்: வயலிற் தெளிக்கும் களைநாசினி வாய்க்கால் வழியே அதே வாவிக்குத்தான் இறங்குகிறது. ஆலைக்காரனிடம் கணக்குக் கேட்கும் கமக்காரன், தன் போகத்துக் கணக்கையும் சொல்ல ஆயத்தமாய் இருத்தல் வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது யாது? தேசிய சுற்றாடற் சட்டத்தைத் திருத்தும் பேச்சு நெடுநாளாய் நடக்கிறது. அத்திருத்தத்திலே ஆண்டுக் கணக்கைப் பகிரங்கப்படுத்தும் கடமை இடம்பெற வேண்டும். அனுமதிப்பத்திரமும் அதன் நிபந்தனைகளும் பரிசோதனை முடிவுகளும் மும்மொழியிலும் வெளியிடப்பட வேண்டும். பொய்க் கணக்குக் கொடுப்பதைத் தனிக் குற்றமாக்க வேண்டும். ஏனெனில், சொல்லும்படி கட்டளையிட்டால் பொய் சொல்ல முனைவோரும் இருப்பர். கிணற்றை அளந்த எந்த அதிகாரியும் கிணற்றுக்காரனுக்கு முதலில் அறிவிக்க வேண்டும். நம் பாராளுமன்ற உறுப்பினர்கள் இதனைத் தனியார் பிரேரணையாகவேனும் கொண்டுவரலாம். கொண்டுவருவீர்களா என்று அவர்களிடம் நேரே கேட்கவும் வேண்டும்.

பாராளுமன்றம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாதனவும் உள. 2023 மார்ச்சு மாதத்திற் கலைந்து, ஈராண்டுக்கு மேலாக மக்கட் பிரதிநிதிகள் இன்றிக் கிடந்த உள்ளூராட்சி மன்றங்கள், 2025 மே 6ஆம் திகதித் தேர்தலின் பின் மீண்டும் கூடுகின்றன. மண்முனை தென் எருவில் பற்றுப் பிரதேச சபையின் கந்தோர் நமது களுவாஞ்சிக்குடியிலேயே இருக்கிறது. தன் எல்லைக்குள் அனுமதிப்பத்திரம் பெற்ற தொழில்கள் எவை, பெறாது நடப்பவை எவை, ஒவ்வொன்றின் பத்திரமும் எந்த நாளில் முடிகிறது என்று தமிழில் ஒரு பட்டியல் எழுதிக் கந்தோர் வாசலிலும் சந்தையிலும் ஒட்டுவதற்கு அச்சபைக்கு எந்தப் புதுச் சட்டமும் வேண்டியதில்லை. ஒரு தீர்மானமும் சில தாளும் போதும். எந்தக் கட்சி உறுப்பினர் அத்தீர்மானத்தைக் கொண்டுவந்தாலும் நாம் அவரை ஆதரிப்போம்.

நீர் கெட்டுக்கொண்டிருப்பது வெளிப்படையாய்த் தெரியுமிடத்து, கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின் கீழ், பொதுத் தொல்லையை அகற்றுமாறு நீதவான் கட்டளையிடலாம். களுவாஞ்சிக்குடியிலேயே நீதவான் நீதிமன்றம் உண்டு. நீதவானுக்குச் சான்று வேண்டும். சான்றுக்குக் கணக்கு வேண்டும். கணக்கைப் பெற வழியுண்டு.

அந்த வழி தகவலுக்கான உரிமைச் சட்டம். 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. எழுதத் தெரியாதவர் வாயாற் சொன்னாலும் தகவல் உத்தியோகத்தர் அதை எழுத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. பதினான்கு வேலைநாளுக்குள் முடிவு தெரிவிக்க வேண்டும். ஆனால் அதே சட்டத்தில், ஒரு குடிமகனின் உயிரையும் உடற் சுதந்திரத்தையும் பற்றிய தகவலாயின், நாற்பத்தெட்டு மணித்தியாலத்துக்குள் பதிலளிக்க வேண்டும் என்றொரு விதி இருக்கிறது. அதை நாம் இன்னும் கையிலெடுக்கவில்லை. குடிநீரிலுள்ள நஞ்சு உயிரைப் பற்றியதன்றேல், வேறெது உயிரைப் பற்றியது? மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடமும், பின்னர் தகவலுக்கான உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையிடலாம்.

கேட்க வேண்டியவை இவை: என் வீட்டுக்கு அயலிலுள்ள இன்ன தொழிலகத்தின் சுற்றாடற் பாதுகாப்பு அனுமதிப்பத்திரத்தின் பிரதியும் நிபந்தனைகளும், கடைசி மூன்று ஆண்டுகளில் அங்கே எடுத்த கழிவுநீர் மாதிரிகளின் முடிவுகள், அதிகாரிகள் சென்று பார்த்த நாட்களும் எழுதிய குறிப்புகளும், அயற் கிணறுகளில் எடுத்த மாதிரிகளின் முடிவுகள். சபைக்கு ஒன்று, மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் மாவட்டக் கந்தோருக்கு ஒன்று, நீர் வழங்கல் சபைக்கு ஒன்று என மூன்று விண்ணப்பம். படிவம் இல்லையென்று திருப்பி அனுப்பினால் திரும்ப வேண்டாம். வெறுந்தாளில் எழுதினாலும் செல்லும். கிராம அபிவிருத்திச் சங்கங்களும் கமக்காரர் அமைப்புகளும் மீனவர் சங்கங்களும் தத்தம் உறுப்பினர் பெயரில் இதைச் செய்யலாம். சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் எழுதிக் கொடுக்கலாம், அதற்குக் கட்டணம் வாங்காமல். விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டதற்குத் திகதியிட்ட எழுத்துமூலமான பற்றுச்சீட்டை அவ்விடத்திலேயே தருவது உத்தியோகத்தரின் கடமை. நாற்பத்தெட்டு மணி எண்ணத் தொடங்குவது அச்சீட்டிலிருந்தே; அதை வாங்காமல் கந்தோர் வாசலைத் தாண்ட வேண்டாம்.